காணாமற்போன ‘இசட்’ டிரைவ்

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கூட்டுறவு என்பது ஏட்டளவில் நிற்கும் சொல் அன்று. ஒரு தெருவில் லுங்கித் தறிகள் ஓடுகின்றன. தெருக்கோடியைத் தாண்டினால் நெல்லும் கரும்பும் நிற்கின்றன. நெசவாளர் சங்கத்தில் பாவும் ஊடையும் வாங்கி நெய்து கொடுக்கும் குடும்பத்திலேயே, வேளாண்மைச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்ற அண்ணனோ தம்பியோ இருப்பதுண்டு. இவ்விருவகைச் சங்கங்களுக்கும் கணக்குப் பதிவேடே உயிர்நாடி. முன்பு அது தடித்த அட்டையிட்டு மர அலமாரியில் இருந்தது. இன்று பெரும்பகுதி கணினிக்குள் போய்விட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்காக, 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கடன் கணக்கு மையத்திலுள்ள மென்பொருளில் ஏறினாலும், அன்றாட வசூல் பட்டியல், நூல் இருப்பு, கூலிப் பட்டி, சிட்டா அடங்கல் நகல்கள், தீர்மானப் படிகள் ஆகியவை அலுவலகத்திலேயே ஒரு கணினியில் வைக்கப்பட்டு, மற்ற மேசைகளிலிருந்து பார்க்கப்படுவது பல இடங்களில் வழக்கம். அந்த வழக்கத்தில் எழும் ஒரு தொல்லையைப் பற்றியதே இப்பாடம்.

காலையில் எழுத்தர் தம் கணினியைத் திறக்கிறார். நேற்று மாலை வரை ‘இசட்’ என்ற எழுத்தின்கீழ்க் காட்சி தந்த கணக்கு ஃபோல்டரின்மேல் ஒரு சிவப்புப் பெருக்கற்குறி நிற்கிறது. அல்லது அந்த எழுத்தே காணப்படவில்லை. எதிரே அங்கத்தினர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்நிலையில் எழுத்தர் செய்யக்கூடிய காரியங்களுள் மிகக் கெட்டது எது? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று. சென்ற வாரம் தம் கணினியில் எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திறந்து, அதில் இன்றைய வரவை எழுதத் தொடங்குவதே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பயிர்க்கடனை உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோர்க்கு வட்டியில்லை என்பது தமிழ்நாட்டில் உள்ள ஏற்பாடு. ஓர் அங்கத்தினர் தவணையின் கடைசி நாளன்று பணத்தைக் கட்டுகிறார். எழுத்தர் அதைத் தம் மேசைக் கணினியின் பழைய நகலில் எழுதுகிறார். நண்பகலில் ‘இசட்’ மீண்டு வருகிறது. எல்லோரும் அதிலேயே வேலையைத் தொடர்கிறார்கள். காலையில் எழுதிய ஏழெட்டு வரிகள் மட்டும் அந்த மேசையிலேயே தங்கிவிடுகின்றன. மாத இறுதியில் அந்த அங்கத்தினர் தவணை தவறியவராகிறார், வட்டியும் ஏறுகிறது. நெசவாளர் சங்கத்திலும் இவ்வாறே. ஒப்படைத்த லுங்கி ஒரு பட்டியிலும் பெற்ற நூல் மற்றொரு பட்டியிலும் இருந்தால், நெய்தவர் நூலைத் தின்றவராகிவிடுகிறார். கணினியின் கோளாறு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டாகிப்போன பதிவேட்டை ஒன்றாக்குவதற்குச் சில வேளை ஒரு தணிக்கைக் காலமே ஆகும்.

பெயரும் பொருளும்

இத்தொல்லையை அஞ்சாமல் அணுகுவதற்கு ஒரே ஓர் உண்மை மனத்தில் பதிய வேண்டும். ‘இசட்’ என்பது ஒரு பெட்டியன்று, ஒரு பெயர். பதிவேடுகள் இருப்பது சர்வர் எனப்படும் கணினியின் தட்டில். அந்தச் சர்வர், தன் ஃபோல்டர்களுள் ஒன்றுக்குப் ‘பகிர்வு’ என்ற வாயிலை அமைத்து, அதற்கு ஒரு பெயரும் இட்டிருக்கிறது. அவ்வாயிலின் முழு முகவரி, இரு சாய்கோடு, சர்வரின் பெயர், ஒரு சாய்கோடு, பகிர்வின் பெயர் என அமையும்: \\சங்கசர்வர்\கணக்கு என்பதுபோல. நாள்தோறும் இவ்வளவு நீளமாக எழுதுவானேன் என்று நம் கணினி அதற்கு ‘இசட்’ என்று ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்கிறது. செல்லப்பெயர் மறைந்தால் பொருள் மறைந்துவிடாது. ஆகவே, டிரைவ் காணவில்லை என்றவுடன் ‘கணக்கெல்லாம் போயிற்று’ என்று அலறுவது பொருந்தாது.

எழுத்துப் பெயர் இடும் பழக்கம் பழையது. 1970-களில் வழங்கிய சி.பி.எம். என்னும் இயக்க முறையிலிருந்து அது எம்.எஸ்.-டாசுக்கு வந்து, அங்கிருந்து விண்டோசுக்கு வந்தது. ஏ, பி என்பன நெகிழ்தட்டுகளுக்கும், சி என்பது வன்தட்டுக்கும் ஆயின. வலையில் உள்ள ஃபோல்டருக்கு அகர வரிசையின் கடைசியிலுள்ள எழுத்தைத் தருவதற்கும் காரணம் உண்டு. ‘இ’, ‘எஃப்’ போன்ற முன் எழுத்துகளைத் தந்தால், யாரேனும் ஒரு பென் டிரைவைச் செருகும்போது அந்த எழுத்துக்கே இரு பொருள்களும் போட்டியிட நேரும். அவ்வாறு மறைந்த டிரைவ்களும் உண்டு.

இப்பெயர் யாருக்கு உரியது என்பதையும் கவனிக்க வேண்டும். அது கணினிக்கு உரியதன்று. கணினிக்குள் தம் பெயரைக் கூறி நுழைந்தவருக்கு உரியது. செயலாளர் நுழைந்து அமைத்த ‘இசட்’, அதே கணினியில் எழுத்தர் தம் பெயரில் நுழைந்தால் இராது. இச்சிறு உண்மையை மறந்ததனால் விளையும் பெருந்தீங்கு ஒன்றைப் பின்னர்க் காண்போம்.

மடையிலிருந்து ஏரி வரை

வயலில் தண்ணீர் பாயவில்லை என்றால் நம் உழவர் என்ன செய்கிறார்? நேரே ஏரிக்கு ஓடுவதில்லை. முதலில் தம் மடையைப் பார்க்கிறார். பிறகு வாய்க்காலில் அடைப்பு உண்டா என்று நடந்து பார்க்கிறார். அதன் பிறகே மதகுக்குப் போகிறார். ஏரியிலும் நீர் இல்லையெனில், ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார். நம் பகுதியில் அவ்வினாவுக்கு விடை நெய்வேலி வரை போகும். சுரங்கத்தில் இறைக்கப்படும் நீரும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு வந்து சேர்கிறதல்லவா? காணாமற்போன டிரைவையும் இந்த ஒழுங்கிலேயே தேட வேண்டும். இடையில் நாலு கணினிகளை அணைத்துப் போடுவதும், சர்வரையே அணைத்துப் போடுவதும், வாய்க்காலைப் பாராமல் மதகை உடைப்பது போன்றவை.

முதற்கேள்வி: இந்த ஒரு மேசையில் மட்டுமா, எல்லா மேசையிலுமா? பக்கத்து மேசையில் ‘இசட்’ திறந்தால் சர்வர் நலமாக உள்ளது. குறை இந்த மேசையில். எங்கும் திறக்கவில்லையெனில், சர்வரையும், வடங்கள் வந்து கூடும் சுவிட்ச் பெட்டியையும் பார்க்க வேண்டும். சுவிட்சின் மின்செருகி கழன்று கிடப்பது நாம் நினைப்பதைவிட மிகுதியாக நிகழ்வது. பெருக்குபவரின் துடைப்பத்துக்கு அது அகப்படும் உயரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

இரண்டாவது, செல்லப்பெயரை விட்டு முழு முகவரியைத் தட்டெழுதிப் பார்ப்பது. அது திறந்தால் பாதை நன்று, பெயர் மட்டுமே அறுந்தது; மீண்டும் இட்டுக்கொள்ளலாம். அது திறக்காவிடில், சர்வரின் பெயருக்குப் பதிலாக அதன் எண் முகவரியை, அதாவது 192.168.1.10 போன்ற எண்ணை, இட்டுப் பார்க்க வேண்டும். எண்ணால் திறந்து பெயரால் திறக்கவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டில் குறை உள்ளது என்று பொருள்.

மூன்றாவது, கணினி சொல்லும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்வது. இதனை நம்மவர் பெரும்பாலும் செய்வதில்லை. ‘ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்’ என்பார்கள். கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘நெட் யூஸ்’ என்று தட்டினால் எந்த எழுத்து எந்த முகவரிக்கு உரியது என்ற பட்டியல் வரும். அதே கட்டளையால் டிரைவை அமைக்க முயன்றால், தோல்வியுறும்போது ஓர் எண்ணும் வரும். அவ்வெண்ணே பாதி மருத்துவம். 53 என்றால் அம்முகவரியில் ஏரியே தென்படவில்லை: சர்வர் அணைந்திருக்கலாம், வடம் கழன்றிருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம், தீச்சுவர் மறித்திருக்கலாம். 67 என்றால் பெரும்பாலும் ஏரி தெரிகிறது, அந்தப் பெயருள்ள மதகு இல்லை: பகிர்வின் பெயர் மாறிற்று, அல்லது சர்வரில் தட்டு மாற்றியபோது பகிர்வு அழிந்தது. 5 என்றால் மதகு உண்டு, திறக்க உமக்கு உரிமை இல்லை. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

1219 என்ற எண் தனியே சொல்லத் தக்கது. ஒருவர் ஒரே சர்வரிடம் ஒரே நேரத்தில் இரு பெயர்களால் பேசுவதை விண்டோஸ் ஒப்புவதில்லை. எழுத்தரின் கணினியில் செயலாளர் வந்து, தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். பிறகு எழுத்தர் தம் பெயரில் ‘இசட்’டைத் திறக்க முயன்றால் 1219 எழும். பழைய தொடர்பை ‘நெட் யூஸ்’ பட்டியலில் கண்டு நீக்க வேண்டும்; ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்னுமிடத்தில் சேமித்து வைத்த பழைய பெயரையும் அழிக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் டிரைவ் ஓடாததற்கும் அங்கே தங்கியிருக்கும் பழைய சொல்லே காரணமாவதுண்டு. அது மீண்டும் மீண்டும் தவறான சொல்லையே அனுப்பி, கணக்கையே பூட்டச் செய்துவிடும்.

உரிமையைப் பற்றிய ஐயமும் அடிக்கடி எழுவது. பகிர்வு வாயிலில் ஓர் உரிமை. தட்டிலுள்ள ஃபோல்டரில் மற்றோர் உரிமை. வலை வழியே வருபவருக்கு இரண்டும் வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். நகைக்கடன் பெட்டகத்தை இரு சாவியால் பூட்டுவது நாம் அறிந்ததே. ஒரு சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவதில் பயனில்லை.

மின்சாரம் வந்த வேளை

நெய்வேலியின் அனல் மின் நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், மின்தடை நம்மை விட்டதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோதும், 2015 நவம்பர் வெள்ளத்தின்போதும் நம் மாவட்டம் பட்டது யாவரும் அறிந்தது. அத்தகைய பெருந்தடைகள் ஒருபுறமிருக்க, அரைமணி நேரத் தடையே டிரைவ்களை மறைக்கப் போதும். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கணினிகளும் ஒருங்கே எழுகின்றன. மேசைக் கணினி விரைவில் எழுந்து, சர்வரை அழைத்துப் பார்க்கிறது. சர்வரோ இன்னும் தன் தட்டைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. விடை வராததால் மேசைக் கணினி சிவப்புக் குறியை இட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. பத்து நிமிடம் பொறுத்து அந்தக் குறியின்மேல் இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் திறந்துவிடும். சர்வரை முதலில் ஏற்றி, அது எழுந்த பின்னரே மேசைகளை ஏற்றுவது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டால் இதுவும் நேராது. வலை ஆயத்தமாகும் வரை காத்திருந்து நுழையுமாறு கணினிகளுக்குக் கொள்கை விதிக்கவும் வழியுண்டு. 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 என்னும் பதிப்பில் இச்சிவப்புக் குறித் தொல்லை மிகுதியாகவே, மைக்ரோசாஃப்ட் நிறுவனமே டிரைவ்களை மீண்டும் இணைக்கும் ஒரு சிறு நிரலை வெளியிட நேர்ந்தது.

மின்தடைக்குப்பின் மற்றொன்றும் நிகழும். எண் முகவரிகளை வழங்கும் ரவுட்டர் அணைந்து எழுந்தபின், சர்வருக்குப் புதிய எண்ணைத் தந்துவிடலாம். பழைய எண்ணை நம்பியிருந்த மேசைகளெல்லாம் 53 என்று முறையிடும். சர்வருக்கு மாறாத எண்ணை ஒதுக்கிவிடுவது இதற்கு மருந்து. நெடுநாள் அணைந்து கிடந்த கணினியின் கடிகாரமும் பிசகியிருக்கும். டொமைன் முறையில் இயங்கும் அலுவலகங்களில் ஐந்து நிமிடத்துக்குமேல் நேரம் மாறினால் சர்வர் நுழைவு மறுப்பது இயல்பு.

பிற்பகலில் தோன்றும் சிவப்புக் குறிக்கு அஞ்ச வேண்டாம். பதினைந்து நிமிடம் யாரும் தொடாத தொடர்பைச் சர்வர் தானே துண்டித்துக்கொள்ளும், தொட்டவுடன் மீளும்.

இரவில் ஓடாத நகல்

முன்னர்க் குறிப்பிட்ட பெருந்தீங்குக்கு வருவோம். பதிவேடுகளின் நகலை இரவுதோறும் வேறொரு பெட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பதை நல்ல சங்கங்கள் உணர்ந்துள்ளன. பொறுப்பாளர் ஒருவர் சர்வரில் தம் பெயரில் நுழைந்து, அந்தப் பெட்டியிலுள்ள ஃபோல்டரை ‘ஒய்’ டிரைவாக அமைக்கிறார், நகலெடுக்கும் கட்டளையை ‘ஒய்’ என்ற எழுத்தைக் கொண்டு எழுதுகிறார், கையால் ஓட்டிப் பார்க்கிறார், ஓடுகிறது. இரவு பதினொரு மணிக்குத் தானே ஓடுமாறு அட்டவணையிட்டுவிட்டு வீடு செல்கிறார். இரவில் அக்கட்டளையை ஓட்டுவது அவரல்லர். இயக்க முறையின் உட்கணக்கு. அதற்கு ‘ஒய்’ என்பது யாதென்றே தெரியாது. நகல் எடுக்கப்படுவதில்லை. எவரும் அட்டவணையின் முடிவைத் திறந்து பார்ப்பதும் இல்லை. ஒருநாள் சர்வரின் தட்டு பழுதாகும்போதுதான், நகல் பெட்டியில் முதல் நாள் கையால் ஓட்டிய நகல் ஒன்றே இருப்பது தெரிய வரும். இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

மாற்று எளிது. தானே ஓடும் எப்பணியிலும் எழுத்துப் பெயரைப் பயன்படுத்தாது, முழு முகவரியையே எழுத வேண்டும். அப்பணி எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ, அக்கணக்குக்கு நகல் பெட்டியில் எழுதும் உரிமை தர வேண்டும். மறுநாட் காலை நகல் கோப்பின் தேதியையும் அளவையும் கண்ணால் பார்க்க வேண்டும்; மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்தும் பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால் எழும் ஒரு சிறு விந்தையும் உண்டு. ஒரு நிரலை நிருவாகி உரிமையுடன் திறந்தால், அதே ஆளுக்கு அதே திரையில் ‘இசட்’ தெரியாது போகும். விண்டோஸ் விஸ்டா வந்த நாள்முதல், சாதாரண நுழைவும் நிருவாகி நுழைவும் இரு வேறு நுழைவுகளாகவே கருதப்படுகின்றன. இரண்டையும் பிணைக்க ரிஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பு உள்ளது. எனினும் இங்கும் முழு முகவரியை எழுதுவதே மேல் என்பது நம் கருத்து.

பழைய பெட்டியும் புதிய கணினியும்

கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் அதை வகுத்தார். அதே மொழியை விண்டோஸ் அல்லாத கணினிகளும் பேசுவதற்காக, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் ஒரு நிரலை எழுதினார். எஸ், எம், பி என்ற மூன்றெழுத்தும் வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடி, அதற்குச் ‘சாம்பா’ என்று பெயரிட்டார். நம் உழவர்க்கு வேறு சம்பா நினைவுக்கு வருவது இயல்பே. இன்று கடைகளில் விற்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுள் ஓடுவது இந்தச் சாம்பாதான்.

எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அவ்வாண்டின் பிற்பகுதி முதல் புதிய விண்டோஸ்கள் அப்பதிப்பைத் தாமாக நிறுவுவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஒருபடி மேலே சென்று, கையொப்பமிட்ட உரையாடலையே இயல்பில் ஏற்கிறது. கடவுச்சொல் இன்றி ‘விருந்தினர்’ என நுழைவதையும் இன்றைய விண்டோஸ்கள் மறுக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதனால், அலுவலகங்களில் புதிய கணினிகள் வந்து இறங்குகின்றன. மூலையிலுள்ள பத்தாண்டுப் பழம்பெட்டியோ அப்படியே இருக்கிறது. ‘புதுக் கணினியில் மட்டும் டிரைவ் வரவில்லை, பழையதில் வருகிறது’ என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பழுது பார்க்க வருபவர் சிலர், புதிய கணினியில் பழைய முதற்பதிப்பைத் திறந்துவிட்டு ‘ஆயிற்று’ என்று போய்விடுவார்கள். டிரைவ் தெரியும்; உடன் கதவும் திறந்து கிடக்கும். பல நூறு குடும்பங்களின் கணக்கை வைத்துள்ள சங்கம் இதற்கு இசையலாகாது. பெட்டியின் உள்நிரலைப் புதுப்பித்தல், பகிர்வுக்கு ஒவ்வொருவர் பெயரிலும் கடவுச்சொல் அமைத்தல், இவை இயலாவிடில் பெட்டியையே மாற்றுதல் என்பனவே முறை.

சாதாரண விண்டோஸ் கணினியையே சர்வராக வைத்திருக்கும் சிறு சங்கங்களுக்கு ஒரு சொல்: அதில் ஒரே வேளையில் இருபது இணைப்புகளுக்குமேல் இடமில்லை. ரவுட்டரை மாற்றிய பின் அக்கணினி வலையைப் ‘பொது வலை’ என எண்ணிக்கொண்டால், தீச்சுவர் பகிர்வை மறித்துவிடும். ‘தனி வலை’ என மாற்ற வேண்டும்.

டிரைவ் இல்லாத வேளையில்

கோளாறு நீங்கும் வரை அங்கத்தினர்களைத் திருப்பி அனுப்ப வேண்டுவதில்லை. பக்க எண் அச்சிட்ட ஒரு நாட்குறிப்பு அலுவலகத்தில் இருக்கட்டும். ரசீதை எப்போதும்போல் கொடுத்து, ரசீது எண், உறுப்பினர் எண், தொகை, நேரம் ஆகியவற்றை அதில் எழுதுக. கணினியிலுள்ள எந்தப் பழைய நகலையும் திறவற்க. ‘ஆஃப்லைன் ஃபைல்ஸ்’ என்ற வசதி மேசைக் கணினிகளில் இயங்குகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அது இயங்கினால், சர்வர் இல்லாதபோதும் ‘இசட்’ இருப்பதுபோலவே காட்டி, எழுதியதைத் தன்னிடமே வைத்திருந்து பின்னர் அனுப்பும். இருவர் ஒரே கோப்பில் அவ்வாறு எழுதியிருந்தால், எவருடையது நிற்பது என்ற வழக்கு எழும். கணக்குக் கோப்புகளுக்கு அவ்வசதியை நிறுத்திவிடுதல் நலம்.

சர்வரின் பெயர், அதன் எண் முகவரி, ஒவ்வொரு பகிர்வின் முழு முகவரி, எந்த மேசைக்கு எந்த எழுத்து என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் பெட்டிக்கு அருகில் ஒட்டிவைக்கலாம். கடவுச்சொல் மட்டும் அதில் வேண்டா. டிரைவ் மீண்டதும் நாட்குறிப்பிலுள்ள வரிகளை ஒருவர் படிக்க மற்றொருவர் ஏற்றி, ஏற்றிய ஒவ்வொரு வரியின் எதிரிலும் இருவரும் சுருக்கொப்பமிட்டு, மொத்தத் தொகையை அன்றைய ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பின்னரே அன்று அலுவலகத்தை மூடலாம்.